மாறு என்று ஒருத்தி கத்தினால்

எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் அணியின் பலம் என்ன என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். பலவீனம் என்ன என்று கேட்பவர்கள் முதலில் எனக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். அது கொஞ்சம் நேரம் பிடிக்கும் விஷயம்.

பலம், மலைமேல் சக்குபள்ளத்திலிருந்து வந்த ஒருத்தி. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஏலத்தோட்டத்தில் வேலை. இவள் ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. எங்கள் டீச்சர் ஏதோ ஒரு பள்ளிக்கூடப் போட்டியில் இவளைப் பார்த்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்து, பாலக்காட்டுக்குக் கொண்டுவந்து ஹாஸ்டலில் போட்டார். டீச்சர் என்றால் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை. கோச்சும் அவர்தான், வண்டிக்கு டீசல் போட்டாயிற்றா என்று பார்க்கிறவரும் அவர்தான். நெட்டைக்காரி வந்த முதல் நாளே கையைத் தூக்கினாள், பந்து தானாக வந்து அதில் உட்கார்ந்தது. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

இனி பலவீனம். முதலாவது ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்க மாட்டார்கள், நிதானமாகப் போடு என்று நிற்க வைத்தால் எங்களில் ஒருத்திக்கும் விழாது. நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினால் விழும். இரண்டாவது எங்கள் கோர்ட். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. எங்கள் கூடம் சத்தியமாகக் கோணல்தான். பந்தைக் கீழே வைத்தால் அது கேன்டீனைப் பார்த்து உருள ஆரம்பிக்கும். மூன்றாவது பலவீனம், நான்.

நான் கேப்டன். மூன்றாம் வருஷம் என்பதாலும் தொண்டை பெரிது என்பதாலும் கிடைத்த பதவி. பந்து எங்கே போக வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். யார் கையில் கொடுத்தால் விழும் என்று தெரியும். ஆனால் எதிரணியில் வேகமான ஒருத்தியைப் பிடித்து நிறுத்து என்றால், என் கால்களுக்கு அந்தச் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதற்குள் அவள் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பாள்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. முதல் வருஷம் மண்டலப் போட்டியின் ஃபைனலில் தோற்றபோது நான் தண்ணீர் பாட்டிலோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் வருஷம் அதே ஃபைனல், அதே எதிரணி, அதே தோல்வி. ஐந்து ஃபவுல் செய்து வெளியே அனுப்பப்பட்டு, கடைசி நிமிஷங்களைத் துண்டைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் வருஷம் எனக்குக் கடைசி. நாங்கள் ஜெயிக்க வேண்டும், கடைசி விசில் ஊதும்போது நான் கோர்ட்டுக்குள் நின்றுகொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் இல்லை, உள்ளே. இதைக் கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அம்மாவிடமும் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"உள்ளே நிக்கறதுக்கா இத்தனை பாடு? ரேஷன் கடைக்குப் போயேன். எவ்வளவு நாழி வேணும்னாலும் நிக்கலாம்."

எங்களை இரண்டு வருஷமும் தோற்கடித்த அணி மேற்கே திருச்சூர் பக்கத்திலிருந்து வருவது. மரத்தரை போட்ட கோர்ட்டில் பழகிய பெண்கள். நாங்கள் ஆட்டத்தில் ஆங்கிலத்தில் கத்துவதைக் காதில் வாங்கி, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் ஜெயிக்கிறார்கள் என்று டீச்சருக்கு ஒரு சந்தேகம். என் கடைசி வருஷத்தில் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, இனி கோர்ட்டில் தமிழ்தான் என்று சட்டம் போட்டார். அணியில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். மீதிப் பேர் தமிழ்ப் படம் பார்த்தே தமிழ் கற்றுக்கொண்டவர்கள். திருச்சூர்க்காரிகளும் அதே படங்களைத்தான் பார்க்கிறார்கள் என்பது டீச்சருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஏதோ ராணுவ ரகசியம் கிடைத்த மாதிரி தலையை ஆட்டினோம்.

சரி, தமிழ் என்றால் எந்தத் தமிழ்? வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

பாஸ்கெட்பாலில் ஒரு தந்திரம் உண்டு. நான் ஒருத்தியைத் துரத்திக்கொண்டு ஓடுவேன். அவளுடைய கூட்டாளி ஒருத்தி குறுக்கே வந்து கம்பமாக நின்று என்னை மறித்துவிடுவாள். நான் அவள்மேல் முட்டிக்கொண்டு நிற்க, பந்து வைத்திருப்பவள் போய்விடுவாள். இதற்கு மாற்று, ஆட்களை மாற்றிக்கொள்வது. கம்பமாக நிற்பவளை நான் பிடித்துக்கொள்ள, பந்தோடு போகிறவளை என் தோழி பிடித்துக்கொள்வாள். ஒரு நொடியில் நடக்க வேண்டும், அதனால் பின்னாலிருந்து பார்க்கிறவள் கத்த வேண்டும். என்ன கத்துவது? நெட்டைக்காரி யோசிக்கவே இல்லை. "மாறுன்னு கத்துவோம்க்கா" என்றாள். எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலமே பயிற்சியில் சோதித்துப் பார்த்தோம். எங்கள் மலையாளத் தோழி ஒருத்தி பந்தோடு வந்தாள், நான் குறுக்கே நின்றேன். பின்னாலிருந்து நெட்டைக்காரி அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "மாறு!"

நான் இரண்டு எட்டு விலகி, மரியாதையாக வழிவிட்டேன். தோழி ஆச்சரியப்பட்டுக்கொண்டே உள்ளே போய்ப் பந்தைக் கூடையில் போட்டாள்.

"ஏக்கா! மாறுன்னு நான் தொண்டை கிழியக் கத்துறேன். நீங்க என்னான்னா கதவத் தொறந்து விட்டுட்டு நிக்கிறீங்க?"

"நீதானேடி மாறச் சொன்னே? மாறினேன்."

"ஆளை மாத்தத்தான்க்கா சொன்னேன்! இவளை நீங்க விடுங்க, நான் புடிக்கிறேன்னு."

"எங்காத்துல மாறுன்னா வழியை விடுன்னு அர்த்தமாக்கும்."

"இது என்னா தமிழோ போங்க!"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பாலக்காட்டில் எங்கள் குடும்பம் எத்தனையோ தலைமுறையாகத் தமிழ் பேசுகிறது, மலை மேலிருந்து நேற்று இறங்கி வந்தவள் என் தமிழைக் கேள்வி கேட்பதா? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். அவள் கொதிக்கிற கஞ்சியை வடிக்கப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "மாறு, மாறு, கால்ல கொட்டிடும்" என்றாள். நான் விலகினேன். விலகி நின்ற பிறகுதான் மண்டையில் உறைத்தது. இது மலையாளம். மாறு என்றால் விலகு. பக்கத்து வீட்டிலிருந்து கறிவேப்பிலை வருவதுபோல இந்தச் சொல்லும் எப்போதோ எங்கள் அடுக்களைக்குள் வந்து, நம்முடையது என்று நாங்கள் நம்பும்படி உட்கார்ந்துவிட்டிருக்கிறது. அசடு வழிந்தது. நெட்டைக்காரியிடம் மட்டும் கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் சொல்லை மாற்றலாம் என்று பேச்சு வந்தது. அப்போது வாயைத் திறந்தாள் எங்கள் அணியின் கடைக்குட்டி. முதல் வருஷம், வேலந்தாவளம் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் பத்துப் பன்னிரண்டு மாடு. ஆளும் குள்ளம், பேச்சும் கம்மி.

"ஏனுங்க்கா, 'மறி'ன்னு வெச்சுக்கலாமுங்களா? எங்கூட்டுல கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடுனா அப்படித்தானுங்க கத்துவோம்."

நல்ல சொல். சின்னச் சொல். உடனே சோதித்தோம். நான் "மறி!" என்று கத்தியதும் எங்கள் மலையாளத் தோழி ஓடிவந்து, தொப்பென்று சிமெண்ட் தரையில் விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். மலையாளத்தில் மறிவது என்றால் கவிழ்வது. "வீழணும் எந்நல்லே பறஞ்ஞது?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டாள். விழத்தானே சொன்னாய் என்கிறாள் பாவம். சொன்னதைத் தட்டாத பெண். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம், டீச்சர் விசிலைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் பழையபடி மாறுதான். மாறு என்றால் ஆளை மாற்று, வேறு அர்த்தமே கிடையாது என்று எல்லோரும் பந்தைத் தொட்டுச் சத்தியம் செய்தோம். எனக்கு மட்டும் அந்தச் சத்தியம் காதுக்குள் இறங்க இரண்டு மாதம் ஆனது. இப்போது நிலைமை தலைகீழ். கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சரக்கு வண்டி வரும்போது ஆட்கள் "மாறு, மாறு" என்று கத்துவார்கள். எல்லோரும் ஒதுங்குவார்கள். நான் மட்டும் யாரைப் பிடிப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்பேன்.

கடைக்குட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்குப் பந்தைக் கூடையில் போட வராது. பத்துத் தடவை போட்டால் ஒன்பது தடவை பந்து கேன்டீனுக்குப் போகும். ஆனால் இரண்டு கையையும் அகல விரித்து, முழங்காலை மடக்கி, ஒருத்தி முன்னால் நின்றுவிட்டாள் என்றால் அவ்வளவுதான். அவள் இடதுபக்கம் போனால் இவள் இடதுபக்கம், வலதுபக்கம் போனால் வலதுபக்கம். வேலந்தாவளத்து மாட்டுச்சந்தை நாளில் கயிற்றை உருவிக்கொண்டு ஓடும் கன்றுகளின் முன்னால் நின்று பழகிய கால். ஒரு நாள் டீச்சர் அவளிடம் உனக்கு என்னதான் வரும் என்று கேட்டார்.

"எனக்குப் பந்தப் போடத் தெரியாதுங்க டீச்சர். ஆனா யாரையும் போட உடமாட்டனுங்க."

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது. என்னால் முடியாதது எதுவோ அது அவளுக்கு வரும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

போட்டிக்குக் கிளம்பிய அன்று கேன்டீன் சேச்சியிடம் எங்கள் வாய்ப்பு எப்படி என்று கேட்டோம். அவள் எங்களை ஒவ்வொருத்தியாக மேலும் கீழும் பார்த்தாள். "கப்பு கிட்டியில்லெங்கில் கப்ப உண்டு" என்றாள். கோப்பை கிடைக்காவிட்டாலும் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துத் தருவாளாம். இதைவிட நேர்மையான ஒரு கணிப்பை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

அரையிறுதியில் ஒரு அதிசயம் நடந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு பாய்ந்து வந்தாள். நெட்டைக்காரி "மாறு!" என்று இடிமுழக்கமாகக் கத்தினாள். அந்தப் பெண் நல்ல வளர்ப்பு போலிருக்கிறது. "சாரி சேச்சி" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கி, கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றாள். பந்து எங்களுக்கு. அவளுடைய கோச் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எங்கள் பென்ச் வரைக்கும் கேட்டது. டீச்சர் மட்டும் முகத்தை மாற்றாமல், தமிழ் உத்தி வேலை செய்கிறது என்று எங்களிடம் ரகசியமாகச் சொன்னார்.

ஃபைனலில் அதே திருச்சூர் பக்கத்து அணி. அவர்களிடம் குதிரைவால் கட்டிய ஒருத்தி இருந்தாள். சிட்டாகப் பறப்பவள். அவளைப் பிடிப்பது என் பொறுப்பு. ஆட்டத்தின் நான்கு பகுதியில் மூன்று வரைக்கும் எப்படியோ சமாளித்தேன், உண்மையில் சமாளித்தது நெட்டைக்காரிதான். நான் விட்டுவிட்ட ஒவ்வொரு தடவையும் அவள் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்து தடுத்தாள். தடுக்கப் போய் ஃபவுல் வாங்கினாள். ஆட்டம் முடிய அரை நிமிஷம் இருக்கும்போது நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து அவர்களுக்கு. நெட்டைக்காரியின் கணக்கில் நான்கு ஃபவுல். இன்னும் ஒன்று வாங்கினால் அவள் வெளியே. அவள் வெளியே போனால் நாங்கள் கப்ப தின்ன வேண்டியதுதான்.

டீச்சர் டைம் அவுட் கேட்டார். வட்டமாகக் கூடினோம். டீச்சர் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். என் ஆசை அவருக்குத் தெரியும். மூன்று வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி அவர் காதைப் புண்ணாக்கியிருந்தேன். கடைக்குட்டி என் பக்கம் திரும்பவே இல்லை, பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நெட்டைக்காரி மூச்சு வாங்கிக்கொண்டே என் தோளில் கை வைத்தாள்.

"நீங்க உள்ளயே இருங்கக்கா. நான் பாத்துக்குறேன்."

அந்த நொடியில் எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது. வெளியே போ என்று ஒருத்தியாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். முடியாது, நான்தான் கேப்டன் என்று கத்தியிருப்பேன். யாரும் சொல்லவில்லை. என் ஆசைக்காக நெட்டைக்காரி ஐந்தாவது ஃபவுலையும் வாங்கத் தயாராக நிற்கிறாள், நான் அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். அப்படி நின்று ஜெயித்தாலும் அது எனக்கு இனிக்காது என்று அப்போது தெரிந்தது. தெரிந்தபோதும் கால் நகரவில்லை. நடுவர் வாய்க்கு விசிலைக் கொண்டுபோனார்.

"இவ உள்ளே போகட்டும் டீச்சர்" என்றேன். "நான் மாறறேன்."

டீச்சர் காதில் அது மலையாளமாக விழுந்திருக்கும். விலகிக்கொள்கிறாள் என்று. நெட்டைக்காரி காதில் தமிழாக விழுந்திருக்கும். ஆளை மாற்றுகிறாள் என்று. நான் எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைக்குட்டி திடுக்கிட்டு எழுந்தாள்.

"நானுங்களா?"

"நீதாண்டி. கன்னுக்குட்டி மாதிரி மறி. போ."

ஓரத்தில் வந்து நின்றேன். கையில் யாரோ ஒரு துண்டைத் திணித்தார்கள். மறுபடியும் துண்டு.

குதிரைவால்காரி பந்தோடு வந்தாள். கடைக்குட்டி கையை விரித்து முன்னால் நின்றாள். அவள் இடதில் போனாள், இவளும் போனாள். வலதில் போனாள், இவளும் போனாள். அப்போது அவர்கள் அணியின் பெரிய உருவம் ஒன்று குறுக்கே வந்து கம்பமாக நின்றது. கடைக்குட்டி அவள்மேல் முட்டப் போகிறாள். நெட்டைக்காரி கத்தினாள். "மாறு!" ஓரத்தில் நின்ற நானும் கத்தினேன். பென்ச் முழுக்கக் கத்தியது.

கடைக்குட்டி மாறினாள். பெரியவளை அவள் பிடித்துக்கொண்டாள், குதிரைவால்காரியின் முன்னால் நெட்டைக்காரி போய் நின்றாள். கையைத் தூக்கினாள், அவ்வளவுதான், தொடக்கூட இல்லை. அந்தக் கைக்கு மேலாக எறிய வேண்டியிருந்ததால் பந்து வளையத்தில் பட்டு வெளியே குதித்தது. அதை எடுக்கப் பெரியவள் உள்ளே பாய்ந்தாள். பாய விட்டால்தானே? அவள் தோள் உயரம்கூட இல்லாத ஒருத்தி முதுகைக் கொடுத்து, கையை விரித்து, அவளைக் கன்றை மறிப்பதுபோல மறித்துக்கொண்டு நின்றாள். பந்து எங்கள் மலையாளத் தோழி கையில் விழுந்தது. அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானாகவே தரையில் மறிந்தாள். விசில் ஊதியது.

எல்லோரும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். நான் ஓடினேன், கோடு வந்ததும் ஏனோ ஒரு நொடி நின்றுவிட்டேன். கடைக்குட்டி அந்தக் குவியலிலிருந்து பிய்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏனுங்க்கா, சரியா மாறுனனுங்களா?"

"மாறினேடி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் இழுத்தாள். நெட்டைக்காரி என்னை அப்படியே தூக்கிச் சுற்றினாள். சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதே சமயம் அந்தத் துண்டை நான் இன்னும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டும் இருந்தேன். இரண்டும் பொய்யில்லை.

திரும்பி வரும் வண்டியில் கோப்பை கடைக்குட்டியின் மடியில் இருந்தது. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா போன் செய்தாள்.

"ஜெயிச்சேளா?"

"ஜெயிச்சோம்மா."

"அப்பாடா. கடைசி விசில் ஊதறச்சே நீ உள்ளேதானே இருந்தே?"

ரேஷன் கடைக்குப் போய் நில் என்று சொன்னவள் அதை ஞாபகம் வைத்திருக்கிறாள்.

"இல்லைம்மா. கடைசில மாறிட்டேன்."

போனில் அம்மாவின் குரல் ஏறியது. கேப்டனைப் போய் மாறச் சொல்வதா, மூன்று வருஷமாக வெயிலில் ஓடிய குழந்தையை, யார் அந்த டீச்சர், நாளைக்கே வந்து கேட்கிறேன் என்றெல்லாம் பொரிந்து தள்ளினாள்.

"சொல்லுடி. யாராக்கும் உன்னை மாறச் சொன்னது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நானாக்கும்மா" என்றேன்.